பழைய காரின் முகப்பு விளக்கு: வெளிச்சம் எங்கே போகிறது?

சென்ற மாதக் கூட்டம் முடிந்து காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செம்பூர் அன்பர் ஒருவர் தம்முடைய பழைய காரின் ஹெட்லைட் மங்கிவிட்டதென்றும், கடைக்காரர் எல்.இ.டி. பல்பு போடச் சொல்கிறார் என்றும் கூறி என் கருத்தைக் கேட்டார். "எதையும் வாங்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்" என்றேன். எதை அளப்பது, எப்படி அளப்பது என்று அவர் கேட்க, நான் ஆரம்பித்தேன். கூடத்தைப் பூட்ட வந்த காவலாளி சாவிக்கொத்தைக் குலுக்கும்வரை பேச்சு நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த நம் ஆசிரியர், "இதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். ஆகவே இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. மின்னியலில் டிப்ளமா முடித்து 1981-ல் ரயில்வேயில் சேர்ந்தேன். பெரும்பகுதிக் காலம் மாட்டுங்கா பணிமனையில், ரயில் பெட்டிகளின் விளக்கு, விசிறிப் பிரிவில் வேலை. 2019-ல் ஓய்வு பெற்றேன். என்னிடம் இருப்பது 1991-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. 1964-ல் ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் வந்த அதே வண்டிதான் 1970-களில் பத்மினி ஆயிற்று. நம் குர்லாவில் பிறந்த வண்டி. டாக்ஸிகளுக்கு 20 ஆண்டு வரம்பு இருந்ததால், 2023 அக்டோபர் கடைசியோடு பத்மினி டாக்ஸிகள் மும்பைச் சாலையிலிருந்து விடைபெற்றன. சொந்த வண்டிக்கு அந்த வரம்பு இல்லை. தகுதிப் பரிசோதனையில் தேறி, பதிவைப் புதுப்பித்துக்கொண்டால் ஓட்டலாம். நான் ஓட்டுகிறேன், வீட்டில் யாருக்கும் அது பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

2022 ஜனவரியில், ஊரிலிருந்து வந்திருந்த மைத்துனரை விடியற்காலை ரயிலுக்காகப் பன்வேலில் இறக்கிவிட்டு, நானும் மனைவியும் செம்பூர் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி நாலரை இருக்கும். வாஷி பாலம் தாண்டி மான்குர்த் பக்கம் வரும்போது சாலை விளக்குகள் சிறிது தூரத்துக்கு அணைந்திருந்தன. எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்து கடந்தது. அது போன மறுகணம், என் வண்டிக்கு முன்னால் பத்து அடியில் ஒரு சைக்கிள். பின்னால் பாவ் ரொட்டி மூட்டை, அதற்கு மேல் நீலத் தார்ப்பாய். விளக்கும் கிடையாது, ஒளிர்தாளும் கிடையாது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். கண்ணாடி அவன் மூட்டையை உரசியது, வேறொன்றும் ஆகவில்லை. பதினெட்டு வயதுகூட இராத பையன். அவன் கையைத் தூக்கி ஏதோ சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டான். மனைவி வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பூட்டைத் திறக்கும்போது மட்டும், "லைட்டே தெரியலயே, எப்படி ஓட்டினீங்க?" என்றாள்.

அவள் கேட்டது சரியான கேள்வி. எனக்கே அதுவரை தோன்றாததற்குக் காரணம் நம் ஊர்ப் பழக்கம். மும்பைக்குள் தெருவிளக்கு வெளிச்சமே போதும் என்று, ஹெட்லைட் போடாமல் பார்க்கிங் விளக்கில் ஓட்டுவது ஒரு காலத்தில் சகஜம். டாக்ஸிக்காரர்கள் பலர் அப்படித்தான் ஓட்டினார்கள். நகரத்துக்குள் ஓடும் வண்டியின் ஹெட்லைட் பாதி செத்துப்போனாலும் ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. இருட்டான நெடுஞ்சாலைக்குப் போகும் அன்றுதான் தெரிகிறது. அன்று தெரிவது காலம் கடந்து தெரிவதாகவும் ஆகிவிடலாம்.

மறுநாள் நான் செய்தது, பொறியியல் படித்தவன் செய்யக்கூடாத காரியம். கடைக்குப் போய், 60/55 வாட் பல்புகளைக் கழற்றிவிட்டு 100/90 வாட் பல்புகளை வாங்கிப் போட்டேன். கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் வந்தது போலிருந்தது. ஆறு வாரம் கழித்து ஓர் இரவு, சயான் மேம்பாலத்தில் பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. இரண்டு விளக்கும் ஒருசேர அணைந்தன. ஸ்டியரிங் அடியில் உள்ள விளக்கு சுவிட்ச் உருகிவிட்டது.

வண்டியைத் தள்ளாத குறையாகத் தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன். சுவிட்சைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "அண்ணாச்சி, பல்பு மேல பழியப் போடாதீய. பல்புக்குக் கரண்டு வருதான்னு பாத்தியளா?" என்று கேட்டான். முப்பத்தெட்டு வருஷம் ரயில் பெட்டிகளில் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி அது.

நான் சேர்ந்த காலத்தில் பல ரயில் பெட்டிகளின் விளக்குகள் 24 வோல்ட்டில் எரிந்தன. பிறகு அவை 110 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டன. ஒரு முக்கிய காரணம், வழியில் ஏற்படும் இழப்பு. குறைந்த வோல்ட்டில் அதே வெளிச்சம் வேண்டுமானால் அதிக ஆம்பியர் ஓட வேண்டும். அதிக ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மூட்டிலும், ஒவ்வொரு துருவிலும் வோல்ட் விழும். காரில் இருப்பதோ 12 வோல்ட்தான். இரண்டு பல்புகளின் மேல்விளக்கும் எரியும்போது சுமார் 10 ஆம்பியர் ஓடுகிறது. வழியில் பத்தில் இரண்டு ஓம் தடை இருந்தாலே 2 வோல்ட் போய்விடும். வீட்டு 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாருக்குத் தெரியும்? பன்னிரண்டில் இரண்டு போனால் ஆறில் ஒரு பங்கு போயிற்று.

ஒளியின் நஷ்டம் அதைவிடப் பெரிது. இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் ஒளியும் 10 சதவீதம் குறையும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் சுமார் 30 சதவீதம் குறைகிறது. இழையின் சூடு குறைவதால் நிறமும் மஞ்சளாகிவிடும். பழைய காரின் விளக்கு "சோகை பிடித்த மாதிரி" எரிவதன் இரகசியம் இதுதான். இதை அறியாமல் வாட் கூடிய பல்பைப் போட்டால் ஆம்பியர் இன்னும் ஏறும், வழியில் விழும் வோல்ட்டும் ஏறும். வெளிச்சம் எதிர்பார்த்த அளவு கூடாது. எங்கே தடை இருக்கிறதோ அங்கே சூடு கூடும். என் சுவிட்ச் உருகியது அப்படித்தான். போதாக்குறைக்கு 100/90 பல்பு சாலை உபயோகத்துக்குச் சட்டப்படி உரியதும் அல்ல.

அளக்கும் விதம்

முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஓடவிட்டு, யாரையாவது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதிக்கச் சொல்லி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு அளக்க வேண்டும். விளக்கு எரியாதபோது அளந்தால் வழியில் ஆம்பியர் ஓடாது. எல்லாம் நன்றாக இருப்பதுபோல மீட்டர் பொய் சொல்லும். பலர் தவறுவது இங்கேதான்.

முதலில் பாட்டரி முனைகளில் பாருங்கள். பதின்மூன்றரை முதல் பதினாலே கால் வோல்ட் வரை இருந்தால் ஆல்ட்டர்னேட்டர் ஒழுங்காக இருக்கிறது. அது குறைவாக இருந்தால் ஹெட்லைட்டை விட்டுவிட்டு பெல்ட்டையும் ரெகுலேட்டரையும் பார்க்க வேண்டும். பிறகு பல்பின் பின்புறச் செருகியில், எரிந்துகொண்டிருக்கும் நிலையிலேயே அளவெடுங்கள். என் வண்டியில் பாட்டரியில் 13.8, பல்பில் 10.9. வழியில் 2.9 வோல்ட் காணாமல் போயிருந்தது! பாதி வெளிச்சம் போயிற்று என்று அர்த்தம்.

எங்கே போயிற்று என்பதையும் அதே மீட்டர் சொல்லும். ஒரு கம்பியைப் பாட்டரி பாசிட்டிவிலும், மற்றதைப் பல்பின் மின்சாரம் வரும் முனையிலும் வைத்தேன், 1.9 காட்டியது. இது ஃப்யூஸ், சுவிட்ச், வயர் ஆகியவற்றின் கணக்கு. பிறகு பல்பின் எர்த் முனைக்கும் பாட்டரி நெகட்டிவுக்கும் இடையே வைத்தேன், 1.0 காட்டியது. இது எர்த்தின் கணக்கு. நல்ல வண்டியில் முதலாவது அரை வோல்ட்டுக்குள்ளும், இரண்டாவது 0.2-க்குள்ளும் இருக்க வேண்டும்.

நம் ஊரில் எர்த்துக்குத்தான் முதலில் ஆபத்து. கடற்காற்றில் உப்பு, நாலு மாதம் மழை. ஹெட்லைட்டின் கறுப்பு எர்த் வயர், சக்கர வளைவுக்கு உட்புறத் தகட்டில் ஒரு சிறு திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கும். திருகாணிக்கு அடியில் துரு, வயரின் நுனியில் பச்சைக் களிம்பு. பார்ப்பதற்கு இறுக்கமாகத்தான் இருக்கும். என் வண்டிக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 2005 ஜூலை 26-ஆம் தேதி, சாந்தாக்ருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய அன்று, அது கிங்ஸ் சர்க்கிள் அருகே நின்றிருந்தது. தண்ணீர் வடிந்தபின் ஹெட்லைட் கிண்ணங்களிலிருந்து சேற்றுநீரைக் கொட்டினேன். சீட்டுகளை வெயிலில் காய வைத்தேன். வயர் மூட்டுகளைப் பற்றி நினைக்கவே இல்லை. பதினாறு வருஷமாக அவை உள்ளுக்குள் களிம்பேறிக்கொண்டிருந்தன.

வேலை செய்யத் தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். எர்த் திருகாணியை எடுத்து, தகட்டை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, வயருக்குப் புதிய செம்பு லக் வைத்து இறுக்கி, மேலே வாசலைன் தடவினோம். அதோடு விடாமல், இரண்டு விளக்குகளிலிருந்தும் தனி வயர் ஒன்றைப் பாட்டரி நெகட்டிவ் வரைக்கும் இழுத்துவிட்டோம். ஃப்யூஸ் பெட்டியில் இருந்தவை, வெள்ளைப் பீங்கான் மேல் உலோகப் பட்டை ஓடும் பழைய மாதிரி. அவற்றின் இரு நுனிகளும் கறுத்திருந்தன. ஃப்யூஸ்களை மாற்றி, பிடிப்புகளைச் சுத்தம் செய்து சற்றே உள்பக்கம் வளைத்து விட்டதில் அரை வோல்ட் திரும்பி வந்தது. மொத்தச் செலவு சினிமா டிக்கெட் அளவுகூட இல்லை.

மிச்ச நோய்க்கு மருந்து ரிலே. பழைய கார்களில் ஹெட்லைட்டின் மின்சாரம் முழுவதும் பாட்டரியிலிருந்து டாஷ்போர்டுக்குப் போய், சுவிட்சுக்குள் நுழைந்து, மறுபடி முன்பக்கம் வருகிறது. ரிலே வைத்தால் சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டி எழுப்புகிற வேலை மட்டும்தான். அதன் வழியே கால் ஆம்பியருக்கும் குறைவாகவே ஓடும். பல்புக்கு வேண்டிய 10 ஆம்பியர் பாட்டரியிலிருந்து குறுக்கு வழியில் நேரே போய்விடும். பெரிய அதிகாரி தாமே கோப்பைச் சுமக்காமல் மணி அடிப்பது போல. 30 ஆம்பியர் ரிலே இரண்டு வேண்டும், மேல்விளக்குக்கு ஒன்று, கீழ்விளக்குக்கு ஒன்று. ரிலேயின் அடியில் எண்கள் அச்சிட்டிருக்கும். பாட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 30 என்ற முனைக்கு, 87-லிருந்து பல்புகளுக்கு, முன்பு பல்புக்குப் போன பழைய வயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பாட்டரி வயர் இரண்டரை சதுர மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஃப்யூஸ் பாட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்; ஃப்யூஸ் இல்லாமல் வயர் இழுப்பது, பானெட்டுக்குள் அடுப்பு வைப்பதற்குச் சமம். இந்த வேலையை அந்தத் தாராவிப் பையன் இரண்டு மணி நேரத்தில் முடித்தான். மறுபடி 60/55 பல்பையே போட்டு அளந்தோம். பல்பில் 13.3 வோல்ட். அன்று இரவு வண்டியை எடுத்தபோது, வேறு யாருடைய காரோ என்று தோன்றியது.

பல்பும் கண்ணாடியும்

பத்மினி, அம்பாசடர், பழைய ஜீப் ஆகியவற்றுக்கு 7 அங்குல வட்ட விளக்கு. 1940-லேயே அமெரிக்காவில் நிலைபெற்ற அளவு அது. ஆகையால் இன்றும் தட்டுப்பாடில்லை. முற்றிலும் மூடிய சீல்டு பீமில் இழை போனால் முழு விளக்கையும் மாற்ற வேண்டும். இப்போது கிடைப்பது பெரும்பாலும் பின்னாலிருந்து பல்பு மாற்றக்கூடிய வகை. அதில் பொருந்தும் எச்4 ஹாலஜன் பல்பு 1971-ல் வந்தது. அதன் நுட்பத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள். ஒன்று ரிஃப்ளெக்டரின் சரியான குவியத்தில் இருக்கிறது, அது மேல்விளக்கு. மற்றது சற்று முன்னால், அதற்கு அடியில் சிறு உலோகக் கிண்ணம். கிண்ணம் ஒளியைக் கீழே போகவிடாமல் தடுப்பதால், ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் மட்டும் ஒளி பட்டு, சாலையை நோக்கித் தாழ்ந்து வருகிறது. முன்பெல்லாம் கண்ணாடியின் மேல் பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்களே, அந்த வேலையை இந்தச் சிறு கிண்ணம் ஒழுங்காகச் செய்கிறது. பெயிண்ட் இன்னும் இருந்தால் சுரண்டிவிடலாம்.

இதைப் புரிந்துகொண்டால், அன்பர் கேட்ட எல்.இ.டி. கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அந்த ரிஃப்ளெக்டர், குறிப்பிட்ட இடத்தில் குறிப்பிட்ட அளவு இழை இருக்கும் என்று கணக்கிட்டுச் செய்தது. எல்.இ.டி. துண்டுகள் அந்த இடத்தில், அந்த வடிவில் அமைவது அரிது. ஒளி நாலாபுறமும் சிதறும். நமக்குப் பக்கத்துச் சாலை வெள்ளை வெளேரென்று தெரியும், தூரம் இருட்டாக இருக்கும், எதிரே வருபவர் கண்ணைப் பொத்திக்கொள்வார். எல்.இ.டி.க்கென்றே வடிவமைத்து ஒப்புதல் பெற்ற முழு விளக்கு என்றால் அது வேறு கதை. குர்லா சி.எஸ்.டி. ரோட்டில் பழைய உதிரிப் பொருள் வாங்குவோர் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கான கண்ணாடி, ஒளியை வலப்பக்கம் உயர்த்தும். இங்கே அது எதிரே வருபவரின் முகத்துக்கு நேராகப் போகும். நமக்கு இடப்பக்கம் உயர வேண்டும்.

பல்பு மாற்றுவது எளிது. என் வண்டியில் வெள்ளி வளையத்தின் அடித் திருகாணியைத் திருப்புளியால் தளர்த்தி, வளையத்தையும் விளக்கையும் வெளியே எடுத்து, செருகியையும் ரப்பர் உறையையும் நீக்கி, கம்பி ஸ்பிரிங்கை விடுவித்தால் பல்பு வரும். மூன்று காதுகள் ஒரே விதத்தில்தான் பொருந்தும், பலவந்தம் வேண்டாம். பல்பின் கண்ணாடியில் விரல் படக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை அந்தச் சூட்டில் கண்ணாடியைக் கெடுத்துவிடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைக்கலாம். ஒன்று போனால் இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. இரண்டும் ஒரே வயது. ரப்பர் உறையைப் பல மெக்கானிக்குகள் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் முதல் மழையிலேயே ஈரம் உள்ளே போய், ரிஃப்ளெக்டரின் அலுமினியப் பூச்சு உரியத் தொடங்கும். அந்தப் பூச்சைத் துணியால் துடைத்தால் மிச்சமும் வந்துவிடும். மங்கிய ரிஃப்ளெக்டருக்குச் சிகிச்சை இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

இந்த நூற்றாண்டில் வந்த பெரும்பாலான கார்களில் முன்புறம் பிளாஸ்டிக். அது வெயிலில் மஞ்சளாகும். பற்பசை தேய்த்தால் சில வாரம் பளிச்சென்று இருக்கும். 1000, 2000 எண் உப்புத்தாளைத் தண்ணீரோடு தேய்த்து பாலிஷ் போட்டால் நன்றாக வரும். ஆனால் அதன்மேல் வெயில் தடுப்புப் பூச்சு பூசாவிட்டால் சில மாதங்களில் பழைய கதைதான்.

கடைசியில் விளக்கின் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் வண்டியை வெளியே எடுப்பது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம். காற்று சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளை உட்காரவைத்து, சமதரையில் சுவரிலிருந்து ஏழரை மீட்டரில் வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி உயரத்துக்குச் சுவரில் சாக்பீஸ் கோடு. கீழ்விளக்கின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று ஏறலாம். விளக்கின் மேலும் பக்கத்திலும் உள்ள திருகாணிகளால் இதைச் சரிசெய்யலாம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இதற்கான கணக்கு இருக்கிறது. வண்டிக்கு 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக்கூடாது. அதே விதிகள், 155 மீட்டர் தூரத்தில் உள்ள ஆளும் வண்டியும் தெரிய வேண்டும் என்றும் சொல்கின்றன. அன்று அந்தப் பையன் எனக்குத் தெரிந்தது பத்து அடியில்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். விளக்கு சரியானபின்னும், எதிரே வண்டி வந்து போனால் சில விநாடிகள் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மனைவி கட்டாயப்படுத்திக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனாள். இரண்டு கண்ணிலும் புரை. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் போய்ச் சேர்ந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும் என்றும், புரை இருந்தால் கூச்சம் பல மடங்கு என்றும் மருத்துவர் விளக்கினார். காரைப் போலத்தான், வழியில் இழப்பு. 2022-லேயே ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கண்ணுக்கும் அறுவை செய்துகொண்டேன். இப்போது இருட்டில் ஓட்டுகிறேன், ஆனால் நாற்பதுக்கு மேல் இல்லை.

வண்டியின் கையுறைப் பெட்டியில் ஒரு எச்4 பல்பும், இரண்டு ஃப்யூஸும், ஒரு ரிலேயும் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். அளந்து பார்க்க மீட்டர் இல்லாத அன்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வரலாம். என்னிடம் இரண்டு இருக்கின்றன.